கார் கிளம்பாத ஞாயிற்றுக்கிழமை

சாவியைத் திருப்பினதும் 'டிக்' என்று ஒரே ஒரு சத்தம் போட்டுவிட்டு ஊமையாகிவிடுகிற காரைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். போன மாசம் மருமகனுடைய கார் எங்கள் வாசலில் அப்படித்தான் நின்றுபோனது. அவர் போனில் யாரையோ கூப்பிட்டார். ஒரு ஆள் வந்து சரிசெய்துவிட்டுப் போகிற வரைக்கும் நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றேன். கிழவிக்கு என்ன வந்துவிட்டது என்று மருமகன் நினைத்திருப்பார். காரணத்தை அவரிடம் சொல்லவில்லை. எதிரில் ஆள் நின்றால் எனக்கு வார்த்தை வராது. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

அப்போது நான் மூணாவது படித்துக்கொண்டிருந்தேன். செஞ்சியில், தெரு முனையில் நின்றால் ராஜகிரிக் கோட்டை தெரிகிற ஒரு முட்டுச்சந்தில் எங்கள் வீடு. நைனா மைக் செட் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கூழ் ஊற்றுவது, எலக்சன் என்று எது வந்தாலும் மரத்தில் குழாய் கட்டிப் பாட்டுப் போடுவது அவர்தான். சுற்றுப்பட்ட ஊர்களுக்குக் கரண்ட் சரியாக வராத காலம். பேட்டரியைக் கட்டைவண்டியில் ஏற்றிக்கொண்டு போனால்தான் மைக் பாடும். லாரிக்குப் போடுகிற பெரிய பேட்டரிகள் ஏழெட்டு எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு கீற்றுக்கொட்டகையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும்.

அவற்றைப் பார்த்துக்கொண்டது அத்தை, நைனாவின் தங்கச்சி. நைனா ஊர் ஊராகப் போய்விடுவார். பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவது, சார்ஜ் ஏற்றுவது, அதன் தலையில் இருக்கிற இரண்டு ஈயக் குமிழில் வெள்ளையாகப் பூத்துக்கிடப்பதைச் சுடுதண்ணீர் விட்டுக் கழுவுவது எல்லாம் அத்தையின் வேலை. அந்தக் குமிழுக்கு எங்கள் வீட்டில் கொம்பு என்று பேர். மாட்டுக்குத் தவிடு வைக்கிறவள் மாட்டோடு பேசுவது போல அத்தை பேட்டரியோடு பேசுவாள். "உனக்கு இன்னா இன்னிக்கி, மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு இருக்கிற" என்று கேட்பாள். அதுவும் ஏதோ பதில் சொல்லும் போலிருக்கிறது, ஏனென்றால் எதில் கோளாறு என்று அவள் சொன்னால் அதில்தான் கோளாறு இருக்கும்.

ஒரு தடவை மேல்மலையனூர் அமாவாசைக்கு அனுப்ப வேண்டிய பேட்டரியை அவள் தனியாகத் தூக்கப்போய் அது சாய்ந்து, ஆசிட் வலது கையில் கொட்டிவிட்டது. புண் ஆறிவிட்டது. மணிக்கட்டிலிருந்து சுண்டுவிரல் வரைக்கும் பாலாடை ஒட்டினது மாதிரி ஒரு தழும்பு மட்டும் நின்றுபோனது. எனக்கு அதைத் தடவிப்பார்க்கப் பிடிக்கும், வழவழவென்று இருக்கும். ஆனால் பெண் பார்க்க வந்தவர்களுக்கு அது வேறு மாதிரித் தெரிந்தது. இரண்டு இடம் வந்து, கேசரியைத் தின்றுவிட்டு, கையைப் பார்த்துவிட்டுப் போனது. பொண்ணுக்கு வெள்ளை விழுந்திருக்கிறது என்று யாரோ யாரிடமோ சொன்னதாகக் காதுக்கு வந்தது.

உண்மையைச் சொல்லிவிட்டுப் போகலாமே என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் நைனாவுக்கு அந்த உண்மை அதைவிடப் பெரிய வெட்கமாக இருந்தது. "வயசுப் பொண்ண பேட்டரி தூக்க வெச்சிருக்கான்னு ஊரு காறித் துப்பும்" என்பார். அதனால் மூன்றாவது இடம் வருகிறபோது வீட்டில் ஒரு திட்டம் போட்டார்கள். அத்தை முந்தானையை வலது கைமேல் வழியவிட்டுக்கொண்டு காபித்தட்டை ஏந்த வேண்டும். கொட்டகைக்குப் பூட்டுப் போட வேண்டும். பேட்டரி என்ற பேச்சே எடுக்கக் கூடாது. என்னைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. நான்தான் வாயே திறக்க மாட்டேனே.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் பனமலையிலிருந்து அவர்கள் காரில் வந்தார்கள். எங்கள் சந்துக்குள் அதற்கு முன்னால் கார் வந்ததே இல்லை. மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் அம்மா, அந்த அம்மாவின் தம்பி ஆகிய மூன்று பேர். கார் அந்தத் தாய்மாமனுடையது. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை வியாபாரம் செய்கிறவர். யாரிடமோ பழைய காராக வாங்கி, ஒரு மாசமாக ஓட்டப் பழகிக்கொண்டிருந்தார். சந்து முடிகிற சுவர் வரைக்கும் கொண்டுபோய் மூக்கை இடித்துவிடாமல் நிறுத்தியதற்கே அவருக்கு வேர்த்துவிட்டது. மாப்பிள்ளை திண்டிவனம் போகிற ஒரு பஸ்ஸில் கண்டக்டர். நீலச் சட்டை போட்டிருந்தார். தினமும் ஆயிரம் பேரிடம் பேசுகிற வேலை, ஆனால் எங்கள் வீட்டுப் பாயில் உட்கார்ந்ததும் என்னை மாதிரி ஆகிவிட்டார்.

எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. அத்தை தட்டோடு வந்தாள். மாப்பிள்ளையின் அம்மா தம்ளரை எடுக்கிறபோது முந்தானையையும் சேர்த்து இழுத்துவிட்டார்கள். கை தெரிந்துவிட்டது.

"கையில இன்னாம்மா அது?"

என் அம்மா எங்கிருந்தோ பாய்ந்து வந்து, "பால் பொங்கிக் கொட்டிக்கிச்சிங்க" என்றாள். நைனா கூரையைப் பார்த்தார். அத்தை தரையைப் பார்த்தாள். அந்த அம்மா காபியைப் பாதி குடித்துவிட்டுக் கீழே வைத்தார்கள். பாதிக் காபி என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அதற்குள் பழகியிருந்தது. "ஊருக்குப் போயி கடுதாசி போடறோம்" என்று எழுந்துகொண்டார்கள். கடுதாசி வராது. முன்னால் வந்த இரண்டு இடமும் இதையேதான் சொன்னது.

"நாலரைக்கு ராவுகாலம், அதுக்குள்ள கெளம்பிடணும்" என்று மாமன்காரர் சாவியைச் சுழற்றிக்கொண்டு போய்க் காரில் ஏறினார். அப்போது மணி மூன்றரை இருக்கும். அவர் சாவியைத் திருப்பினார்.

டிக்.

மறுபடி திருப்பினார். டிக். பல்லி சொன்ன மாதிரி ஒரு சத்தம், அதற்குமேல் ஒன்றும் இல்லை. அவர் இறங்கி மூடியைத் தூக்கிப் பார்த்தார். எங்கள் சந்தே கூடிவிட்டது. எதிர்வீட்டுக்காரர் பேட்டரி போயிருக்கும் என்றார். மாமன்காரருக்குக் கோபம் வந்துவிட்டது.

"காலையிலதான் சார்ஜ் போட்டு வந்த பேட்டரி. ஆரன் அடிக்குது பாரு" என்று ஆரனை அழுத்தினார். ஆரன் நன்றாகத்தான் அலறியது. திரும்பவும் சாவி, திரும்பவும் டிக். கையால் சுற்றிக் கிளப்புகிற இரும்புக் கம்பி ஒன்று அந்தக் காலத்துக் கார்களில் இருக்கும். அது எங்கே என்று நைனா கேட்டார். மாமன்காரர் தன் அக்காவைப் பார்த்தார். பூவும் பழமும் வைத்த தட்டோடு இரும்பு வரக் கூடாது என்று அந்த அம்மாதான் கம்பியையும் ஸ்பேனர் பையையும் வீட்டிலேயே இறக்கி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

"அப்ப தள்ளிடலாம்" என்று நாலு பேர் வேட்டியை மடித்துக் கட்டினார்கள்.

"தள்றதா?" என்றார்கள் அந்த அம்மா. "பொண்ணு வீட்டு வாசல்லேர்ந்து எங்கள தள்ளி வுடறதா? நல்லா இருக்குதே."

நாலு பேரும் வேட்டியை இறக்கிவிட்டார்கள். யாரோ பின்னாலிருந்து, "வண்டிக்குப் பொண்ண புடிச்சிப்போச்சி போலக்கீது, நவுர மாட்டேங்குது" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை. தம்பியிடம் மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சந்து முழுவதற்கும் கேட்கிற மாதிரி சொன்னார்கள்: "வாசல்லியே வண்டி நிக்குது. ராவுகாலமும் இங்கியே புடிச்சிதுன்னா, கடுதாசியும் வேணாம் ஒண்ணும் வேணாம். இந்த எடத்த மறந்துடு."

அம்மா கதவோரம் நின்றவள் உள்ளே போய்விட்டாள். நானும் பின்னாலேயே போனேன். அம்மா அடுப்பங்கரையில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். அத்தை அழவில்லை. பட்டுப்புடவையோடு நடு அறை ஜன்னலுக்குக் கீழே குந்தி உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, தெருவில் கேட்கிற டிக்கைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா அழுதது அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"பேட்டரி நல்லாத்தான் இருக்குது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "கொம்புலதான் இன்னாவோ. அந்தாளு ஏன் அங்க பாக்க மாட்டேங்கிறாரு?"

பெண் பார்க்கிற அன்றைக்குப் பெண் தெருவுக்கு வந்து மாப்பிள்ளை வீட்டாருக்குக் கார் சரிசெய்ய வழி சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா. நைனாவிடம் சொன்னாலும், "உனக்கு எப்படித் தெரியும்னு கேட்டா நான் இன்னா சொல்றது" என்று அடக்கிவிடுவார். அவள் கண் அறையைச் சுற்றி வந்து என்மேல் நின்றது.

"கண்ணு, நீ போயி அந்த நீலச் சட்ட கிட்ட சொல்லு. நைனா கிட்ட சொல்லாத. லைட்டப் போட்டுட்டு சாவியத் திருப்பச் சொல்லு. லைட்டு அணைஞ்சி போவுதான்னு பாத்துட்டு வா."

பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பேர் கேட்டாலே எனக்குப் பேர் மறந்துபோகும். ஆனால் அத்தை என் தோளைத் திருப்பித் தள்ளிவிட்டாள். நான் போய் நீலச் சட்டைக்குப் பக்கத்தில் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரொம்ப நேரம் நின்றேன். அவர்தான் பார்த்துவிட்டுக் குனிந்தார்.

"இன்னா பாப்பா?"

நான் அவர் சட்டைப் பொத்தானிடம் சொன்னேன். அவருக்குக் கேட்டதே பெரிய விஷயம். ஜன்னல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அப்புறம், "மாமா, லைட்டப் போட்டுட்டு சாவியத் திருப்பு" என்றார்.

"பட்டப்பகல்ல லைட்டு எதுக்குடா?"

"போடு மாமா."

என்னைக் காருக்கு எதிரில் சுவரோரமாக நிற்க வைத்தார். காரின் இரண்டு கண்ணும் மஞ்சளாக எரிந்தது. டிக் என்றதும் கார் கண்ணை மூடிக்கொண்டது. சாவியை விட்டதும் திறந்தது. எனக்கு அது அவ்வளவு பிடித்துப்போய், இன்னொரு தடவை செய்யச் சொல்ல மாட்டார்களா என்று இருந்தது. ஓடிப்போய் அத்தையிடம், "கண்ண மூடிக்கிச்சி" என்றேன்.

அத்தையின் முகம் மலர்ந்துவிட்டது. "கொம்புதான். போயி ரெண்டு கொம்பையும் தொட்டுப் பாக்கச் சொல்லு. எது சுடுதோ அதுலதான் கோளாறு."

மாமன்காரர் அலுத்துப்போய் உள்ளே வந்து நைனாவிடம் மோர் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார். ஸ்டார்ட்டர் போய்விட்டது, விழுப்புரத்திலிருந்து மெக்கானிக் வர வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கார் பக்கத்தில் மாப்பிள்ளை மட்டும்தான். நான் கொம்பு என்றதும் அவருக்கு விளங்கவில்லை. நான் பேட்டரியின் தலையைக் காட்டினேன். தொட்டுப் பார்த்தார். முதலாவதில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"சுடுது" என்றார் என்னிடம், ஏதோ நான்தான் மெக்கானிக் மாதிரி. "அடுத்து இன்னா செய்யணுமாம்?"

இந்தத் தடவை அத்தை கொட்டகையைத் திறந்து, ஒரு சின்ன ஸ்பேனரையும், துணியையும், உப்புத்தாள் துண்டையும், வெந்நீர்ச் சொம்பையும் கொடுத்தாள். ஸ்பேனரை நான் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு அந்த அம்மா கண்ணில் படாமல் போனேன். காரின் பாடியோடு சேர்ந்திருக்கிற ஒயரை முதலில் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் பொறி பறக்கும் என்று சொல்லியனுப்பியிருந்தாள். நான் அதைச் சொன்னபோது என் குரல் எனக்கே கேட்டது. அவர் அப்படியே செய்தார். "எனக்கு டிக்கெட்டு கிழிக்கத்தான் தெரியும் பாப்பா, தப்பாப் பண்ணா சொல்லு" என்றார்.

கிளிப் கழன்று வந்தது. அவரும் எட்டிப் பார்த்தார், நானும் பார்த்தேன்.

கொம்பைச் சுற்றி மஞ்சளாகக் காய்ந்து ஓடு கட்டியிருந்தது. அதன் நடுவில் சிவப்பாக ஒரு பொட்டு. எனக்கு மோந்து பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. சந்தனம். சார்ஜ் போட்டு வந்த பேட்டரியைக் காலையில் காரின் பக்கத்தில் இறக்கி வைத்திருக்கிறார்கள். நல்ல காரியத்துக்குப் போகிற வண்டி என்று அவருடைய அம்மா காரின் மூக்குக்கும் சக்கரத்துக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்து, இது இரண்டும் மொட்டையாக நிற்கிறதே என்று ஒன்றில் லேசாகவும் இன்னொன்றில் கெட்டியாகவும் அப்பிவிட்டார்கள். மாமன்காரர் அதற்கு மேலேயே கிளிப்பை மாட்டி இறுக்கிவிட்டார். ஈரமாக இருந்தவரைக்கும் ஏதோ ஒட்டியும் ஒட்டாமலும் வண்டி ஓடியது. செஞ்சி வெயிலும் இஞ்சின் சூடும் சேர்ந்து காய்ந்ததும் அது கரண்ட்டை விட மாட்டேன் என்றுவிட்டது.

மாப்பிள்ளை அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் அவருடைய அம்மா, நாற்காலியைத் தெருவிலேயே போடச் சொல்லி உட்கார்ந்துகொண்டு, எல்லாம் இந்த வீட்டு ராசி என்று பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நான் உள்ளே ஓடி, "சந்தனம்" என்றேன். அத்தைக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் புடவை நுனியை வாய்க்குள் திணித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அம்மா வந்து, இந்த நேரத்தில் உனக்கு என்ன பைத்தியமா என்று கேட்டுவிட்டுப் போனாள். சிரித்து முடித்ததும் அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சுடுதண்ணித் துணியால தொடைச்சி, உப்புத்தாளு போட்டு, ஈரம் இல்லாம மாட்டச் சொல்லு. அப்புறம்..." கொஞ்சம் யோசித்தாள். "சந்தனம்னு வெளிய சொல்ல வேணாம்னு சொல்லு. ஒயரு லூசுன்னு சொல்லிடட்டும். பெரியவங்க, பத்து பேரு எதுர்ல சங்கடமாப் போயிடும்."

எனக்கு இது சரியாகப் படவில்லை. அந்த அம்மாதான் நம் வீட்டு ராசியைத் திட்டுகிறார்கள். தப்பு அவர்களுடையது. அதைச் சந்து முழுவதற்கும் கேட்கிற மாதிரி சொல்ல வேண்டியதுதானே? பொய் சொல்லக் கூடாது என்று மூணாவது வாத்தியார் வேறு சொல்லியிருந்தார். ஆனாலும் போய்ச் சொன்னேன். அவர் துடைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டார்.

"யாரு, உங்க அத்தையா அப்படிச் சொன்னாங்க?"

நான் தலையை ஆட்டினேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார். இந்தத் தடவை கொஞ்சம் அதிக நேரம்.

கொம்பு பளபளவென்று வந்துவிட்டது. கிளிப்பை மாட்டி இறுக்கினார். ஸ்பேனரைத் துடைத்தார். நான் அதை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இதெல்லாம் அவங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்ததுன்னு கேட்டுட்டு வா."

காரில் இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது, அதனால்தான் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு ஓடினேன். அத்தை, "யாரும் சொல்லித் தரல, பாத்துப் பாத்துப் பழகிக்கிட்டதுன்னு சொல்லு" என்றாள். அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அவர் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். அந்த அம்மா நாற்காலியிலிருந்து, "மணி இன்னாடா ஆச்சு?" என்று கேட்டார்கள். "இருக்குதும்மா, இருக்குது" என்றார். என்னிடம் குனிந்து, "கையில கொட்டினது பாலா, ஆசிட்டான்னு கேளு" என்றார்.

இதைக் கேட்டதும் அத்தை முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. கையை மடியில் வைத்துப் பார்த்தாள். முந்தானையால் மூடினாள். அப்புறம் எடுத்துவிட்டாள். "ஆசிட்டுன்னு சொல்லு" என்றாள். நான் வாசப்படி தாண்டுவதற்குள் கூப்பிட்டாள். "இந்தா, நானேதான் தூக்கினேன்னு சொல்லு. எங்கண்ணன் தூக்கச் சொல்லல."

நான் இரண்டையும் மறக்காமல் சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டார். ஏன் என்று தெரியவில்லை. காரின் கோளாறு பெரிசாகிவிட்டதோ என்று எனக்குப் பயமாக இருந்தது. எனக்கும் அதற்குள் ராகுகாலத்தைப் பற்றித் தெரிந்திருந்தது. அத்தைக்காக நான் அவர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன், அதில் மணி பார்க்கத் தெரியாவிட்டாலும்.

"கடைசியா ஒண்ணு. எங்க வீட்ல பேட்டரி ஒண்ணும் கெடையாது. அங்க வந்தா அவங்களுக்குப் பொழுது போவுமான்னு கேட்டுட்டு ஓடியா. ஓடு."

ஓடினேன். கேட்டேன். அத்தை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கோ அவசரம். "சீக்கிரம் சொல்லு அத்தை, நாலர ஆயிடும்" என்று அவள் கையைப் பிடித்து உலுக்கினேன். தழும்பு இருக்கிற கை அது.

"பஸ்ஸுல பேட்டரி இல்லியாமான்னு கேளு" என்றாள்.

நான் அதைச் சொன்னதும் அவர் வாய்விட்டுச் சிரித்தார். சந்தே திரும்பிப் பார்த்தது. அவர் காரின் கதவைத் திறந்து உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். டிக் என்கிற சத்தத்தைக் காணோம். கார் ஒரு உதறு உதறி, கரும்புகையைப் பின்னால் துப்பிவிட்டு, குடுகுடுவென்று ஓட ஆரம்பித்துவிட்டது. ஜனங்கள் ஓவென்று கத்தினார்கள். மாமன்காரர் மோர்த் தம்ளரோடு வெளியில் ஓடிவந்தார். அப்போது மணி நாலு இருபத்தஞ்சு என்று நைனா பிறகு பல பேரிடம் சொல்லியிருக்கிறார்.

"இன்னாடா ஆச்சு அதுக்கு?" என்று அந்த அம்மா கேட்டார்கள்.

"ஒயரு லூசாயிருந்துதும்மா" என்றார் மாப்பிள்ளை.

"நான் அப்பவே சொன்னனே" என்றார் மாமன்காரர்.

அந்த அம்மாவுக்கு ஏதோ சந்தேகம். என் தாடையைப் பிடித்துத் தூக்கி, "ஏன் பாப்பா, நீதான கூடவே நின்ன? ஒயருதானா?" என்று கேட்டார்கள். பொய்யும் வரவில்லை, நிஜமும் வரவில்லை. அம்மா பின்னாலிருந்து, "அது பேசாதுங்க, ரொம்ப கூச்சம்" என்று என்னைக் காப்பாற்றினாள். கூச்சத்தால் எனக்கு ஒரு நன்மை நடந்தது என்றால் அது அன்றைக்குத்தான்.

கார் பின்பக்கமாகவே சந்தைவிட்டு வெளியேறியது. நான் மறுநாள் பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளையிடம், கார் கிளம்பவில்லை என்றால் மூணு கேள்வி கேட்க வேண்டும், மூணுக்கும் நிஜமான பதில் வந்தால்தான் அது கிளம்பும் என்று ரகசியமாகச் சொன்னேன். அதை நான் முழுசாக நம்பினேன். கண்ணெதிரிலேயே நடந்ததாயிற்றே. கடைசிப் பதிலைச் சொன்னதும்தானே அது ஓடியது.

எனக்கு இருந்த ஒரே வருத்தம் ஸ்பேனர். அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டே போய்விட்டார். நான் உடனே அத்தையிடம் போய்ச் சொன்னேன். அத்தை, "போவட்டும்" என்றாள். ஒரு திருகாணி காணாமல் போனாலும் கொட்டகையையே தலைகீழாகப் புரட்டுகிறவள் போவட்டும் என்றாள். திங்கட்கிழமை காலையில் நைனா அந்த ஸ்பேனரைத் தேடி வீட்டையே இரண்டு பண்ணினார். "சின்னது ஒண்ணே ஒண்ணுதான் இருந்துது, எவன் எடுத்துக்கினு போனான்" என்று கத்தினார். அத்தை பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, எங்கேயாவது விழுந்திருக்கும் என்றாள். எவன் என்று தெரிந்தும் இவள் ஏன் சொல்ல மாட்டேன் என்கிறாள்?

கடுதாசி வியாழக்கிழமை வந்தது. நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. நைனா படித்துவிட்டு, படித்ததை நம்பாமல் அம்மாவிடம் கொடுத்தார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் மஞ்சளைப் பார்த்தாள், அதுவே போதுமாயிருந்தது. அன்றைக்குக் காரில் போகிற வழியெல்லாம் மாப்பிள்ளை தன் அம்மாவிடம் என்ன பேசினார் என்று அத்தை எனக்கு ரொம்ப வருஷம் கழித்துத்தான் சொன்னாள். வெள்ளையும் இல்லை பாலும் இல்லை, ஆசிட் என்றாராம். உனக்கு எப்படிடா தெரியும் என்று அந்த அம்மா கேட்டதற்கு, கேட்டேன் சொன்னாங்க என்றாராம். சந்தனத்தைப் பற்றி மட்டும் கடைசிவரைக்கும் அவரும் அத்தையும் வாயைத் திறக்கவில்லை. அந்த அம்மா பிறகு, ஊரில் யார் வண்டி வாங்கினாலும் கூப்பிட்டனுப்பிச் சந்தனம் வைக்கச் சொல்லும் அளவுக்குக் கைராசிக்காரி என்று பேர் வாங்கினார்கள்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை அவர்கள் பூ வைக்க வந்தார்கள். அதே கார், அதே சந்து. மாமன்காரர் இந்தத் தடவை இஞ்சினை அணைக்கவே இல்லை. பூ வைத்து முடிகிற வரைக்கும் வாசலில் அது குடுகுடுவென்று ஓடிக்கொண்டே நின்றது. வீடு கொள்ளாத கூட்டம். அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, இரண்டு கையும் தெரிகிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். அந்த அம்மா அவள் தலையில் பூவை வைத்துவிட்டு, எனக்கும் ஒரு துண்டு கிள்ளி வைத்தார்கள்.

"இது வாயே தொறக்காதா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள்.

நான் பன்னிரண்டு நாளாக அந்த ஒரு வார்த்தையை மனசுக்குள் வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறேன். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, அத்தனை பேர் நடுவில் நீலச் சட்டைக்காரரைப் பார்த்து, "எங்க ஸ்பேனரு எங்க?" என்று கேட்டுவிட்டேன்.

நைனா திரும்பி மாப்பிள்ளையைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அத்தை முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டாள்.

"பத்திரமா வண்டியிலதான் இருக்குது பாப்பா" என்றார் அவர். "உங்க அத்தை வந்து எடுத்துக்கட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். மாமன்காரர் தொடையைத் தட்டிச் சிரித்தார். நைனாவும் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். எனக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை. வண்டி வாசலில் நிற்கிறது, நாலு எட்டு வைத்தால் எடுத்துவிடலாம். பட்டுப்புடவையும் பூவுமாக உட்கார்ந்திருக்கிறவளை எதற்காக எழுப்ப வேண்டும்? "அத்தை எதுக்கு, நானே போயி எடுத்தாறேன்" என்று எழுந்தேன். அம்மா என் பாவாடையைப் பிடித்து இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டாள். விடவே இல்லை.